மாமாவின் பேஸ் என்ன நிறம்?

கடந்த ஆண்டு என்னிடமிருந்த தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார்களில் ஒன்றை விற்பதற்காக விளம்பரம் போட்டிருந்தேன். ஜப்பானில் தயாரான ஜாஸ் பேஸ். நிறம் கேண்டி ஆப்பிள் ரெட். நீர்கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் பஸ் ஏறி வந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டைத் தேடிப்பிடித்து அவர் மணியை அழுத்தியபோது இரவு ஏழரை ஆகிவிட்டது. தேநீர் குடித்தார். பெட்டியைத் திறந்தேன். குனிந்து பார்த்தார். கைபேசியை எடுத்து விளம்பரப் படத்தைப் பார்த்தார். மறுபடியும் பெட்டிக்குள் பார்த்தார்.

"அண்ணா, படத்தில் இருந்தது இது இல்லையே."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. படத்தில் தெரிந்த சிறு கீறலை விரலால் தொட்டுக் காட்டினேன், வரிசை எண்ணைக் காட்டினேன். அதே பேஸ்தான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் ஆசைப்பட்டு வந்த சிவப்பு அந்தப் பெட்டிக்குள் இல்லை. படத்தில் இருந்தது உள்ளே தணல் இருப்பதுபோல் எரிகிற சிவப்பு. என் முன்னறை விளக்கின் கீழ் கிடந்ததோ ஆட்டீரல் நிறத்தில் ஒரு மரக்கட்டை. அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார். படி இறங்கும்வரை மரியாதையாகவே பேசினார். அந்தப் பயணச் செலவையாவது கொடுத்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

அந்தப் படத்தில் நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. மேற்கே கடலைப் பார்த்த எங்கள் பால்கனியில், மாலை ஐந்தே முக்காலுக்கு, பேஸை நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்தது. அவர் போன பிறகு அதே பேஸைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். முன்னறையில் ஈரல். சமையலறையின் மஞ்சள் விளக்கின் கீழ் கொஞ்சம் உயிர் வந்தது. நாவற்பழச் சாற்றில் தேன் கலந்ததுபோல். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கைபேசியின் டார்ச்சை உடலின் கீழ் வளைவுக்கு அருகே பிடித்தேன். அந்த ஒரு புள்ளியில் மட்டும் சிவப்பு பற்றிக்கொண்டது. கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் சிவப்புக்கு அடியில், ஆழத்தில், மணல் மணலாக ஏதோ மின்னியது. டார்ச்சை நகர்த்தினால் மின்னலும் நகர்ந்தது. விட்டுப்போன இடம் மறுபடி இருண்டது.

எங்கள் குடும்பத்தில் இதற்கு முன்பே ஒரு நிறச் சண்டை உண்டு. அம்மாவின் தம்பி, என் மாமா, 1970களில் கொழும்பில் ஓர் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர். கல்யாண வீடுகள், நடன இரவுகள், பைலா. அந்தக் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1977க்கு முன்பு புதிய வாத்தியத்தைக் கடையில் வாங்குவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. மாமா தன் பேஸைக் கப்பலில் வேலைசெய்த ஒருவரிடம் வாங்கினார். பூச்சு உரிந்துபோயிருந்த அதை, கார்களுக்கு டிங்கரிங் வேலை செய்யும் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து ஸ்பிரே அடித்துக்கொண்டார். ஒரு தபால் அதிபரின் மொரிஸ் மைனர் காருக்குக் கலந்து மிஞ்சிய பெயின்ட். 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது பேஸும் அதோடு போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மம்மாவுக்கு அனுப்பியிருந்ததால் தப்பியவை இரண்டே புகைப்படங்கள்.

அந்த பேஸ் நீலம் என்பார் மாமா. பச்சை என்பார் மாமி. சாம்பல் என்பது அம்மாவின் கட்சி. சின்ன வயதிலிருந்தே இந்த வழக்கைக் கேட்டு வளர்ந்தவன் நான். வயது போனவர்களின் ஞாபகப் பிசகு என்றே நினைத்திருந்தேன். நீர்கொழும்பு இளைஞர் வந்துபோன இரவுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கார் பெயின்ட் என்றதும் மாமாவின் பேஸ் ஏதோ ஏழை வைத்தியம் என்று எண்ண வேண்டாம். பேஸ் கிட்டாரின் பல நிறங்களே கார் தொழிற்சாலையிலிருந்து வந்தவைதான். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அது மரவரி தெரியும் வெளிர் மஞ்சள் நிறத்தில், கறுப்புப் பிக்கார்டோடு (உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு) வந்தது. பிறகு நடு வெளிறி ஓரம் இருண்ட சன்பர்ஸ்ட். அதன் பிறகு 'கஸ்டம்' நிறங்கள் என்று கேட்டவர்களுக்கு, ஐந்து சதவீதம் கூடுதல் விலைக்கு, டூபாண்ட் நிறுவனம் கார்களுக்குச் செய்த டூக்கோ, லூசைட் என்ற லாக்கர் பூச்சுகளை அடித்துக் கொடுத்தார்கள். ஃபியெஸ்டா ரெட் ஒரு ஃபோர்டு காரின் நிறம். சோனிக் புளூ காடிலாக்குடையது. நெடுஞ்சாலையில், வெயிலில், ஓடும்போது கண்ணைப் பறிக்க வேண்டும் என்று கலக்கப்பட்ட நிறங்கள் இவை. அவற்றைக் கொண்டுபோய் இருட்டு மண்டபத்தின் மூலையில் நிற்கிற பேஸ் வாசிப்பவரின் கழுத்தில் மாட்டினோம்.

கேண்டி ஆப்பிள் ரெட் 1963இல் வந்தது. அது ஒற்றைப் பூச்சு கிடையாது. அடியில் வெள்ளி அல்லது பொன் நிற உலோகப் பூச்சு. அதன் மேல் கண்ணாடிபோல் ஊடுருவும் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற மினுக்கு. வெளிச்சம் சிவப்பு வழியாக உள்ளே இறங்கி, உலோகத் துகள்களில் பட்டு, அதே சிவப்பு வழியாகத் திரும்பி வருகிறது. வடிதுணியில் இரண்டு தரம் வடித்த சாறுபோல் அது அடர்ந்துவிடுகிறது. துகள்கள் படிந்து தட்டையாகக் கிடப்பதால் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளைப்போல் ஒரு திசையிலேயே பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். சூரியன்போல் ஒரு பக்கத்திலிருந்து ஓங்கி அடிக்கும் வெளிச்சம் கிடைத்தால் அந்தத் திசையில் நிற்பவர் தணலைப் பார்ப்பார். கூரையில் பரவலாக எரியும் விளக்கின் கீழ் உள்ளே போவதும் குறைவு, கண்ணை நோக்கித் திரும்புவதும் குறைவு. மிஞ்சுவது இருண்ட சிவப்பு.

என் முன்னறை விளக்குக்கு இன்னொரு குறையும் இருந்தது. வெள்ளை எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருப்பது நீல ஒளி. அதன் மேல் பூசிய மஞ்சள் பொருள் அதில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. திறன்மிக்க நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது அந்த வெள்ளை வெளிச்சத்துக்காகத்தான். ஆனால் மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. பெட்டியில் நிறத்தரம் (CRI) 80 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் எட்டு மங்கலான நிற மாதிரிகளை வைத்துக் கணக்கிடுவது. அடர்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி, கணக்கில் சேராது. எண்பது வாங்கிய விளக்கு சிவப்பில் ஏறக்குறைய பூச்சியம் வாங்கியிருக்கலாம். இல்லாத சிவப்பைப் பேஸ் எங்கிருந்து திருப்பி அனுப்பும்?

இதையெல்லாம் நான் நாற்பது வயதுக்கு மேல் படித்துத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவுக்குப் படிக்காமலே தெரியும். காலி வீதிச் சேலைக் கடைகளில் அவர் ஒருபோதும் உள்ளே நின்று சேலை எடுத்ததில்லை. மடிப்பை விரித்து, முன்கையில் போட்டுக்கொண்டு, வாசலுக்கு நடப்பார். மீதிச் சேலையைத் தாங்கிக்கொண்டு கடைப் பையன் பின்னால் வருவான். வாசற்படியில் நின்று தலைப்பை வெயிலுக்கும் நிழலுக்குமாகத் திருப்புவார். மயில்கழுத்துப் பட்டு என்றால் இந்தச் சடங்கு இன்னும் நீளும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பின் மேட்டில் நீலம், பள்ளத்தில் பச்சை. எந்த நிறம் மேலோங்குகிறது என்று வாசலில்தான் தெரியும். செட்டியார் தெரு நகைக்கடையிலும் அப்படியே. பொன் நகை இருக்கும் பக்கம் மஞ்சள் விளக்கும் வைரம் இருக்கும் பக்கம் வெள்ளை விளக்கும் ஏன் எரிகின்றன என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் அம்மாதான். பேஸ் வாங்க வந்த பிள்ளையை நான் இரவில் வரச் சொன்னது என் தவறு என்பதை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

சன்பர்ஸ்ட் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் அதிகம் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் அதில்தான். நடுவில் தேன் மஞ்சள், ஓரத்தில் கறுப்பு, இடையில் சிவப்பு. ஃபெண்டர் பேஸ்களில் 1954இல் வந்த சன்பர்ஸ்ட்டில் இடைச் சிவப்பு இல்லை. 1958 அளவில்தான் மூன்றாவது நிறம் சேர்ந்தது. சேர்த்த அந்தச் சிவப்பு வெயிலுக்குத் தாங்கவில்லை. கடைக் கண்ணாடியில் மாட்டியிருந்த, ஜன்னலோரம் நின்ற வாத்தியங்களில் சிவப்பு மட்டும் வெளுத்து, மறுபடி இரண்டு நிறமாகிவிட்டன. பிக்கார்டைக் கழற்றினால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும். நெடுநாள் தொங்கிய சுவாமி படத்தை எடுத்தால் சுவரில் பழைய சுண்ணாம்பு நிறம் சதுரமாகத் தெரியுமே, அதைப்போல. பழைய பேஸ் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய விடயம். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் வெளுத்த சிவப்பும் வெளுக்காத சிவப்பும் ஒன்றாகவே தெரியும். மஞ்சள் ஒளி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சிவப்பை இரவல் கொடுத்துவிடுகிறது. விற்கிறவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவருடைய வீட்டு விளக்கு அப்படி.

கைபேசி இதை இன்னொரு வழியில் கெடுக்கிறது. இப்போதைய கைபேசிகள் ஒரு தட்டுக்குப் பல படங்களை எடுத்து, இருண்ட இடத்தை வெளிச்சமாக்கி, வெளிச்ச இடத்தை அடக்கி, ஒன்றாகக் கலந்து தருகின்றன. முகங்களுக்கு அது நல்லது. சன்பர்ஸ்ட்டுக்கு அது கொலை. ஓரத்துக் கறுப்பை 'நிழல்' என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது. கறுப்பு பழுப்பாகிறது, நடு மஞ்சள் மங்குகிறது, ஒன்று மற்றொன்றாகக் கரைகிற அந்த அங்குல அகலம் காணாமல் போகிறது. அந்த அங்குலத்துக்காகத்தான் ஸ்பிரே பிடித்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருப்பார்.

கமராவுக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் என்று ஓர் அனுமானம் உண்டு. கறுப்பு பேஸ் படம் முழுதும் நிறைந்தால் 'இருட்டாக இருக்கிறது' என்று முடிவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டும். கறுப்பு கரித்தூள் நிறமாகும். வெள்ளை பேஸ் என்றால் குறைக்கும். வெள்ளை சீமெந்துச் சுவர்போலாகும். நிறத்திலும் அதே கதை. மரவரி தெரிகிற மேப்பிள் உடலைக் கிட்ட வைத்து எடுத்தால், இத்தனை மஞ்சளுக்கு விளக்குதான் காரணம் என்று நினைத்துத் தானியங்கி வைட் பேலன்ஸ் மஞ்சளைக் கழித்துவிடும். உயிருள்ள மரம் நோயாளியின் முகம்போல் வெளிறும். இதற்கு மருந்து எளிது: பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து, அதற்குக் கமராவைச் சரிசெய்வது. வெள்ளைத் தாள் வைக்கலாம் என்பார்கள். அலுவலகத் தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் வெயிலில் நீலமாக ஒளிரும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மேடைக்கு வருவோம். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், அதே சிவப்பு பேஸோடு வாசித்தேன். மணமகளும் மணமகனும் உள்ளே வரும்போது மேடையை முழு நீலமாக்கினார்கள். இரண்டு வாரம் கழித்து வீடியோவைப் பார்த்த ரொறன்ரோ மச்சான் தொலைபேசியில் கேட்டார், "கறுப்பு பேஸ் எப்போது வாங்கினாய்?"

சிவப்புப் பூச்சு என்பது சிவப்பைத் திருப்பி அனுப்பி மற்றதை விழுங்கும் பூச்சு. நீலத்தை மட்டும் கொடுத்தால் அது விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். கறுப்புத்தான். பிறகு விளக்கை முழுச் சிவப்பாக்கியபோது நேர்மாறான கேடு. கமராவின் உணரியில் ஒவ்வொரு நான்கு புள்ளிகளிலும் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் அதுவே வழக்கம். சிவப்பு ஒளி மட்டும் இருந்தால் நான்கில் ஒரு புள்ளிதான் வேலை செய்யும். மற்ற மூன்றும் காலியாக இருப்பதைக் கண்டு கமரா வெளிச்சத்தைக் கூட்ட, வேலை செய்த அந்த ஒன்றும் நிரம்பி வழியும். வீடியோவில் என் பேஸுக்கு வளைவு இல்லை, மினுக்கு இல்லை, துகள் இல்லை. கத்தரியால் வெட்டி ஒட்டிய சிவப்புத் தாள்போல் இருந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தது அதுவல்ல. அவர்களுடைய கண் அந்த இரண்டு மணி நேரத்தில் பழகி, கணக்கைச் சரிசெய்துகொண்டே இருந்தது.

அந்த வீடியோவில் இன்னொரு விடயமும் தெரிந்தது: பேஸின் தந்திகள் நெளிநெளியாகப் பாம்புபோல் ஆடின. பலர் இதைப் பார்த்துத் தந்தி தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கமரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. தடித்த ஈ (E) தந்தி விநாடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்கு வருவதற்குள் தந்தி இடம் மாறிவிடுகிறது. சில மின்விளக்குகளின் கீழ் பூச்சின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடுவதற்கும் இதே வரிப் படிப்புத்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அப்படிப்பட்ட விளக்கு விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தால் பட்டைகள் அடங்கும்.

இனி கொழும்பின் வெளிச்சம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை தூரத்தில்தான் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் நிறுத்தி வைத்த பேஸைப் படம் எடுக்கவே கூடாது. மேல் விளிம்பு வெந்து வெளுக்கும், முகப்பு இருண்டு கிடக்கும். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மேகமூட்டம் இருக்கிறதே, அது ஒரு வரம். வானம் முழுவதும் ஒரே பெரிய வெள்ளை விளக்காகிவிடும். மழை விட்ட காலை ஒன்பது மணிக்கு எங்கள் பால்கனி நிழலில் நான் எடுத்த படங்களைப் பார்த்து எவரும் இதுவரை 'இது அந்த பேஸ் இல்லை' என்று சொன்னதில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் கேண்டி நிறம் எரியாது. அலையலையாக வரி ஓடும் மேப்பிள் மரமும் அடங்கித் தூங்கும். அந்த மரத்தில் நார்கள் மேலும் கீழுமாக வளைந்து கிடப்பதால் ஒரு பக்க வெளிச்சம் பட்டால்தான் ஒரு வரி மின்னி மறு வரி இருளும். திருப்பினால் மின்னியது இருளும், இருண்டது மின்னும். ஒரே படத்தில் அதை அடைக்க முடியாது. அதற்காக இப்போது நான் பேஸை மெதுவாகத் திருப்பிப் பத்து விநாடி வீடியோவும் எடுக்கிறேன்.

மினுக்குப் பூச்சு தன் நிறத்தோடு சேர்த்து எதிரே இருப்பதையும் காட்டும். கறுப்பு பேஸ் ஒன்றை எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் அத்தனையும் அதன் வயிற்றில் வரிசையாகத் தெரிந்தன. என் வெள்ளைச் சட்டையும் தெரிந்தது. அன்றிலிருந்து கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்கிறேன். கமராவின் முன் துருவமாக்கும் வடிகட்டியை மாட்டி, மேற்பரப்பைச் சாய்வாக, செங்குத்திலிருந்து சுமார் 56 பாகையில் பார்த்தால் மினுக்குப் பூச்சின் மேல் விழும் பிரதிபலிப்புத் துடைத்ததுபோல் மறைந்து அடி நிறம் வெளிப்படும். உலோகப் பாலமும் தந்தி முடுக்கிகளும் மட்டும் முன்போலவே மின்னும். உலோகத்தின் பிரதிபலிப்பு அந்த வடிகட்டிக்கு அடங்காது. முழுவதும் துடைத்துவிட்டாலும் அழகில்லை. பளபளப்பு போன கறுப்பு பேஸ் கரும்பலகை. லயனல் வென்ட் பியானோக் கலைஞர், புகைப்படக் கலைஞரும்கூட. 1944இல் மறைந்த அவர் இதே கொழும்பில் இருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் கரிய மேனிகளின் மேல் ஒளி வழுக்கிப்போகும் விதத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கரிய பரப்பின் வடிவத்தை அந்த ஒளிக்கோடுதான் வரைகிறது. கறுப்பு பேஸுக்கு வெளிச்சம் போடுவதைவிட, அது பிரதிபலிக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுவது மேல் என்று அவர் படங்களிலிருந்துதான் எனக்குப் புரிந்தது.

மாமாவின் இரண்டு புகைப்படங்களுக்கு வருகிறேன். ஒன்று வண்ணப்படம். ஆனால் அந்தக் காலத்து வண்ண அச்சுகளில் நீலப்பச்சைச் சாயம் ஆல்பத்தின் இருட்டிலேயே மங்கிவிடும். மாமா சிவப்பு, சுவர் சிவப்பு, தோரணத்து மாவிலையும் சிவப்பு. பேஸ் ரோஜாவும் மண்ணும் கலந்த ஏதோ ஒன்று. மற்றது கறுப்பு வெள்ளை. அதில் பேஸ் சாம்பல், எல்லாமே சாம்பல் என்பதால். நீலமும் பச்சையும் அந்தப் படச்சுருளில் ஒரே சாம்பலாக இறங்கக்கூடியவை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அது வெளிர் நிறம். மாமாவின் கறுப்புக் காற்சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் நடுவே, சட்டைக்கு அருகில் நிற்கிறது.

மாமாவிடம் கேட்டேன், எங்கே வைத்து வாசித்துப் பழகுவீர்கள் என்று. பகலில், முன் விறாந்தையில். மாமியிடம் கேட்டேன், எங்கே பார்த்தீர்கள் என்று. கல்யாணத்துக்கு முன்பு மண்டபங்களில்தான், இரவில். மேடைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பல்ப் எரியும். அம்மா சொன்னார், அது எப்போதும் அறை மூலையில், கட்டிலுக்குப் பின்னால் நிற்கும். நான் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்தேன். வெளிர் நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை சாயும். மங்கிய மூலையில் நிறமே தளர்ந்து சாம்பலாகும். பழைய லாக்கரும் கூடவே சேர்ந்து வேலை செய்திருக்கும்; மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு ஆண்டுகள் போகப்போக மஞ்சளிப்பதால் அமெரிக்காவில் எத்தனையோ சோனிக் புளூ பேஸ்கள் இன்று பச்சை என்று தவறாக அறியப்படுகின்றன, ஒலிம்பிக் வைட் பேஸ்கள் பாலாடை நிறமாகிவிட்டன.

சென்ற மாதம் தெஹிவளையில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் பழைய பேஸைப் படம் எடுத்துத் தரும்படி கொடுத்தார். வெளிர் நீலம், மேலே மஞ்சளித்த பூச்சு. அதைப் பால்கனிக்குக் கொண்டுபோவதற்கு முன்பு மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரவு எட்டு மணி. மாமாவின் முன்னறையில் இன்னும் பழைய இழை பல்ப் எரிகிறது. அவருக்கு வெள்ளை விளக்கு ஆகாது. பெட்டியைத் திறந்து சோபாவில் சாய்த்து வைத்தேன். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த மாமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"இந்தப் பச்சைதான்" என்றார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, இது இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

காலை ஏழு மணிக்குப் போனேன். இரண்டு பேரும் விறாந்தையில் இருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. மாமாவின் மடியில் பேஸ். அந்த வெளிச்சத்தில் அது நீலம், ஆனால் முழு நீலம் இல்லை. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, உடலின் மேல் விளிம்பில் விரல் வைத்தார். முன்கை பல ஆண்டுகள் உரசி மேற்பூச்சுத் தேய்ந்துபோன இடம் அது. ஒரு சாண் நீளத்துக்கு, மஞ்சளிப்பு இல்லாமல், அடியில் இருந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது. அதைச் சுற்றி மீதியெல்லாம் பச்சை கலந்து கிடந்தது.

"இது நீலம். இது பச்சை" என்றார் மாமி, விரலை அங்கிருந்து இங்கே நகர்த்தி.

"என்னுடையதிலும் இந்த இடம் தேய்ந்துதான் இருந்தது" என்றார் மாமா. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முன்கையை அந்தத் தேய்ந்த இடத்தின் மேல் வைத்தார்.